யாருக்குப் போட்டாச்சு?

அந்த மருத்துவமனையில் அவளைத் தேடி வருகிறவர்கள் "வலிக்காத கை எந்த ரூம்ல இருக்காங்க?" என்றுதான் கேட்பார்கள். இருபத்தாறு வருடமாக ஊசி போடுகிறவள். ஊசி உள்ளே போய் வெளியே வந்த பிறகும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு "எப்போ போடுவீங்க?" என்று கேட்டவர்கள் உண்டு. அழுவதற்காக வாயைத் திறந்த குழந்தை, அழக் காரணம் கிடைக்காமல் அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டதும் உண்டு. நியாயமாகக் கிடைத்த புகழ்தான். அந்தக் கட்டடத்தில் நியாயமாகக் கிடைத்த புகழ் அநேகமாக அது ஒன்றுதான்.

புதுக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி வந்தபோது, யோசிக்கவே தேவையில்லாமல் அவளைத்தான் ஊசி அறையில் உட்கார வைத்தார்கள். தரைத்தளத்தில், மருந்துக் கவுன்ட்டருக்கும் கழிப்பறைக்கும் நடுவில் ஒரு அறை. ஒரு மேசை, ஒரு ஸ்டூல், ஒரு நீலக் குளிர்பெட்டி. அதற்குள் சின்னச் சின்னக் குப்பிகள். ஒரு குப்பியில் பத்துப் பேருக்கு மருந்து. வெளியே நீளமாக ஒரு பெஞ்சு. போட்டுக்கொண்டவர்கள் அரை மணி நேரம் அதில் உட்கார்ந்து, தங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைத் தாங்களே பார்த்துவிட்டு வீட்டுக்குப் போகலாம்.

"கையைத் தளர்த்தி விடுங்க. அந்தப் பக்கம் பாருங்க. வீட்டுல யாரு சமையல்?"

"பெரும்பாலும் நான்தான். சில நாள் அவரு..."

"ஆச்சு. எழுந்திருங்க."

நான்கு மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் பேருக்குப் போட்டாள். அந்த நாலாயிரத்துச் சொச்சத்தில் அவள் கிடையாது.

ஏன் என்று கேட்டால் அவளிடம் காரணத்துக்குத் தட்டுப்பாடே இல்லை. ஆளுக்கொன்று வைத்திருந்தாள். உடன் வேலை பார்ப்பவர்களிடம், "இவ்வளவு சீக்கிரமா கண்டுபிடிச்சதை எப்படி நம்புறது?" என்றாள். ஆறு மாதத்துக்கு முன்னால் அதே வாய்தான், "இந்த விஞ்ஞானிங்க எல்லாம் தூங்குறாங்களா, இன்னும் ஒரு மருந்து கண்டுபிடிக்கத் துப்பில்ல" என்று திட்டியது. தங்கையிடம், போன வாரம்தான் சளி பிடித்தது என்றாள். தன்னிடமே சொல்லிக்கொள்ள "அடுத்த மாசம்" என்று ஒன்று வைத்திருந்தாள். அந்த மாதம் மட்டும் எந்தக் காலண்டரிலும் வரவில்லை.

தங்கை வீட்டுக்காரர் குளியலறை டைல்ஸ் விற்பவர். தொழில் நேரம் போக மீதி நேரத்தில் மருத்துவ ஆராய்ச்சி. தினம் காலையில் அவளுக்கு ஒரு வீடியோ அனுப்புவார். வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர் காருக்குள் உட்கார்ந்துகொண்டு, யாரோ துரத்தி வருவதுபோல் பேசுவார். வெள்ளைக் கோட்டுகளை அவள் தினமும் பார்க்கிறவள். அதைப் போட்டவர்கள் சொல்வதில் எத்தனை சதவீதத்தைக் காதில் வாங்கலாம் என்று அவளுக்குத் துல்லியமாகத் தெரியும். ஆனால் காருக்குள் இருந்து பேசும் வெள்ளைக் கோட்டுக்கு என்னவோ ஒரு தனி மவுசு.

அவள் தனி ஆளும் இல்லை. எலும்பு டாக்டர், "ரெண்டாவது சரக்கு வரட்டும்" என்றார், செருப்புக் கடையில் நிற்பவர் மாதிரி. மருந்துக் கவுன்ட்டர்காரன் தன்னுடையது அந்தக் காலத்து உடம்பு என்றான். அவனுக்கு வயது முப்பத்தொன்று. ஊருக்கெல்லாம் "பயப்படாம போட்டுக்கோங்க" என்று சீட்டு எழுதிக் கொடுத்த கைகள், தங்கள் சட்டைக் கையை மட்டும் மடித்துவிடவில்லை.

இதையெல்லாம் தள்ளிவிட்டுப் பார்த்தால் அடியில் ஒன்றே ஒன்று இருந்தது. இரண்டாவது மாதத்தில் ஒருநாள், அவள் ஊசி போட்டு அனுப்பிய ஒரு தடித்த ஆள் பெஞ்சில் அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தார். அவள் ஓடிப்போய்க் கால்களைத் தூக்கிப் பிடித்தாள். இரண்டு நிமிடத்தில் எழுந்து உட்கார்ந்து, காலையிலிருந்து எதுவும் சாப்பிடவில்லை என்றார். ஒரு பன்னும் தேநீரும் உள்ளே போனதும் தன் காலாலேயே நடந்து போனார். நாலாயிரம் பேர் எழுந்து வீட்டுக்குப் போனதை அவள் கண் வைத்துக்கொள்ளவில்லை. அந்த ஒருவர் சாய்ந்ததை வைத்துக்கொண்டது. கண்ணுக்குக் கணக்குத் தெரியாது, படித்தவர்களின் கண்ணுக்கும்.

சரி, இது அவள் பாடு என்று விட்டிருக்கலாம். ஒரு மதியம் பதிவறை எழுத்தர் ஊழியர் பட்டியலோடு ஊசி அறை வாசலில் வந்து நின்றார். உள்ளே ஸ்டூலில் ஒருவர், வரிசையில் பதினேழு பேர்.

"சிஸ்டர், போட்டாச்சா?"

"போட்டாச்சு, போட்டாச்சு." திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். ஸ்டூலில் இருந்தவருக்கு அப்போதுதான் போட்டு முடித்திருந்தாள்.

எழுத்தர் பட்டியலில் அவள் பெயருக்கு நேரே ஒரு டிக் அடித்துவிட்டுப் போனார்.

தமிழில் இது ஒரு வசதியான சொல். யார் போட்டார், யாருக்குப் போட்டார் என்று எதையும் அது கேட்பதில்லை. சாப்பிட்டாச்சு, சொல்லியாச்சு, கட்டியாச்சு: ஆள் யாரும் கண்ணில் படாமலே காரியங்கள் தாமாக நடந்து முடிந்துவிடும். எழுத்தர் எதைக் கேட்டார் என்று அவளுக்கு அப்போது புரியவில்லை, உண்மைதான். பத்து நிமிடம் கழித்துப் புரிந்தது, அதுவும் உண்மை. பதிவறை அங்கிருந்து பதினோரு படி. முட்டி வலிக்காரர்கள்கூட ஏறிவிடும் படிதான். அவள் ஏறவில்லை.

அதற்கப்புறம் அந்தச் சொல்லை அவள் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். யார் கேட்டாலும் "போட்டாச்சு." வாழ்நாளில் பொய் சொன்னதில்லை என்று அவளுக்கு ஒரு பெருமை உண்டு. அந்தப் பெருமையை இலக்கணத்தின் துணையோடு காப்பாற்றிக்கொண்டாள்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் கணவனையும், கல்லூரியில் படிக்கும் மகளையும் முதல் வாரத்திலேயே அழைத்து வந்து அவளே போட்டுவிட்டிருந்தாள். ஒருநாள் சாப்பிடும்போது கணவன் கேட்டான்.

"எங்களுக்குப் போட்டே, சரி. உனக்கு யாரு போட்டா?"

"ஆஸ்பத்திரியில போடறதுக்கு ஆளா இல்ல?"

"அது இல்லடி. வலிக்காத கை நீதான். அப்ப உனக்கு வலிச்சிருக்குமே?"

"சாப்பிடுங்க, ஆறிடப்போகுது."

தட்டில் இருந்தது ஏற்கெனவே ஆறிப்போனதுதான். அவன் சாப்பிட ஆரம்பித்தான். பேருந்து ஓட்டுகிறவன், எந்த இடத்தில் ஹாரன் அடிக்கக்கூடாது என்று தெரியும்.

இதற்கிடையில் அந்த மருத்துவமனை "ஊழியர்கள் நூறு சதவீதம்" என்ற நிலையை எட்டியது. எலும்பு டாக்டரும் மருந்துக் கவுன்ட்டர்காரனும் இன்னும் சிலரும் எப்படி அதற்குள் அடங்கினார்கள் என்றால், அடங்கவில்லை. அவர்களை 'நீண்ட விடுப்பில் உள்ளோர்' என்ற வேறு பட்டியலுக்கு மாற்றிவிட்டார்கள். விடுப்பில் இருந்தவர்கள் தினமும் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்துகொண்டிருந்தார்கள்.

நூறு சதவீதம் வந்தால் போஸ்டரும் வரவேண்டும். போஸ்டருக்கு நம்பும்படியான ஒரு முகம் வேண்டும். நர்ஸ்களுக்கெல்லாம் தலைவியான மேட்ரன் அவளைத்தான் கைகாட்டினார். புகைப்படக்காரர் அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு, தோள்பட்டையில் ஒரு பஞ்சை வைத்து அமுக்கிப் பிடித்துச் சிரிக்கச் சொன்னார். பஞ்சுக்குக் கீழே வெறும் தோல். அவள் நன்றாகவே சிரித்தாள். மாடிப்படி திருப்பத்தில், போகிறவர் வருகிறவர் எல்லார் கண்ணிலும் படும்படி அது ஒட்டப்பட்டது: "நான் போட்டுகொண்டேன்! நீங்கள்?"

இங்கேதான் 'நான்' என்று ஒரு சொல் வந்து உட்கார்ந்துகொண்டது. அதை எழுதியது அவள் இல்லை என்று சமாதானம் செய்துகொண்டாள். அன்றிலிருந்து லிஃப்டில் போக ஆரம்பித்தாள்.

அடுத்த மாதம் டயாலிசிஸ் அறையில் ஒரு நர்ஸ் வேலையை விட்டுப் போனாள். சிறுநீரகம் வேலை செய்யாதவர்கள் வாரம் மூன்று நாள் வந்து, நாலு மணி நேரம் படுத்து, மெஷின் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ளும் இடம். மற்றவர்களுக்கு மூன்று நாள் காய்ச்சலாக வந்து போவது, இவர்களை ஒரேயடியாகக் கொண்டுபோய்விடும். அதனால் அந்த அறைக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஊழியர்கள் மட்டும்தான் போகலாம் என்று விதி. பட்டியலைப் பார்த்தார்கள். அவள் பெயருக்கு நேரே டிக் இருந்தது.

"மேடம், எனக்கு அந்த மெஷின் எல்லாம் மறந்து போச்சு" என்று மேட்ரனிடம் சொல்லிப் பார்த்தாள்.

"ரெண்டு நாள்ல வந்துடும். போஸ்டர்ல இருக்கறவங்களே தயங்கினா எப்படிம்மா?"

ஒன்றுக்கு இரண்டாக முகக்கவசம் போட்டுக்கொண்டு அவள் உள்ளே போனாள். எட்டுக் கட்டில், எட்டு மெஷின். மூன்றாம் கட்டிலில் ஒரு புரூஃப் ரீடர். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன், முப்பத்தைந்து வயது. இடது கையில் ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்திருந்தார்கள். 'மெஷின் கை' என்பார்கள் அதை. அந்தக் கையில் வேறு ஊசி போடக்கூடாது, ரத்த அழுத்தம்கூடப் பார்க்கக்கூடாது. அந்தக் கையை மெஷினுக்குக் கொடுத்துவிட்டு, வலது கையில் சிவப்புப் பேனாவும் மடியில் தாள்களுமாக யாருடையவோ தப்புகளைத் திருத்திக்கொண்டு படுத்திருப்பான்.

முதல் நாளே அவளைப் பார்த்ததும், "சிஸ்டர், உங்க போஸ்டர்ல ஒரு தப்பு இருக்கு" என்றான்.

அவள் மேல் முகக்கவசத்தை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "என்ன தப்பு?"

"பெரிய தப்பு. இத்தனை பேர் தாண்டிப் போறாங்க, ஒருத்தர்கூட எப்படிக் கண்டுபிடிக்கலன்னுதான் ஆச்சரியம்."

அவள் மெஷின் திரையைப் பார்ப்பதுபோல் திரும்பிக்கொண்டாள்.

"'போட்டுகொண்டேன்'னு போட்டிருக்காங்க. நடுவுல 'க்' காணோம்."

அந்த ஒற்றெழுத்தைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல் இருந்தது. "ஒரு எழுத்துதானே தம்பி!"

"எல்லாரும் இதேதான் சொல்றாங்க. ஒரு எழுத்து சரியில்லன்னா எனக்கு அந்த வாக்கியத்து மேலயே நம்பிக்கை போயிடும்."

அவன் இன்னும் தடுப்பூசி போட்டுக்கொள்ளவில்லை. சிறுநீரக டாக்டர் மூன்று முறை சொல்லிவிட்டார். "டாக்டர் நல்லவர்தான் சிஸ்டர். ஆனா எனக்கு உப்பே ஆகாதுன்னு எழுதிக் கொடுத்துட்டு, கேன்டீன்ல நின்னு உப்புக்கடலை வாங்கினதை இந்தக் கண்ணால பார்த்தேன். அவர் உடம்பு வேற, என் உடம்பு வேறதான். ஆனா சொல்றவங்க செய்யறாங்களான்னு ஒரு கண்ணு போகுதே."

டாக்டருடைய சிறுநீரகத்துக்கும் கடலைக்கும் எந்தப் பகையும் இல்லை. அவன் வாதத்தில் ஓட்டை இருந்தது. அதை எடுத்துச் சொல்லும் தகுதி அந்த அறையில் அவளுக்குத்தான் குறைவு.

அவளுடைய மூன்றாவது நாள். இரண்டு மணி நேரம் ஓடி, இன்னும் இரண்டு மணி நேரம் மிச்சம். அவன் திடீரென்று பேனாவை மூடினான்.

"சிஸ்டர், முடிவு பண்ணிட்டேன். வெள்ளிக்கிழமை போட்டுக்கறேன். நீங்கதான் போடணும். உங்களுக்கு ஒண்ணும் ஆகலல்ல?"

"எனக்கென்ன, நல்லாதான் இருக்கேன்."

"நீங்க போட்டாச்சுல்ல?"

"போட்டாச்சு தம்பி."

"யாருக்கு?"

அவள் கையிலிருந்த டேப் துண்டு விரலிலேயே ஒட்டிக்கொண்டது.

அவன் சிரித்தான். "பயந்துட்டீங்களா? தொழில் புத்தி. நாலாம் வேற்றுமை விட்டுப்போன வாக்கியத்தைப் பார்த்தா எனக்குக் கை அரிக்கும். முழுசா சொல்லுங்க, காது குளிரக் கேட்டுக்கறேன். 'எனக்குப் போட்டாச்சு'ன்னு."

இரண்டே சொல். இருபத்தாறு வருடத்தில் "வலிக்காது" என்று எத்தனையோ ஆயிரம் பேரிடம் சொல்லியிருக்கிறாள். அது எல்லாம் சத்தியவாக்கா என்ன? ஆனால் இவன் கையில் பேனா ரீஃபில் தடிமனில் இரண்டு ஊசிகள் குத்தி நிறுத்தப்பட்டிருந்தன. ஒன்றின் வழியாக அவன் ரத்தம் வெளியே போய், மெஷினைச் சுற்றிவிட்டு, இன்னொன்றின் வழியாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. வாரத்தில் ஆறு குத்து வாங்குகிறவன். அவனிடம் தன் பயத்தைச் சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. வெள்ளிக்கிழமை அவன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்து நிற்பதை நினைத்தபோது அதைவிட வெட்கமாக இருந்தது.

"எனக்கு..." என்றாள்.

"ம்."

"எனக்குப் போடல."

"விளையாடாதீங்க சிஸ்டர்."

"நாலாயிரம் பேருக்குப் போட்டேன். நான் போட்டுக்கல. லிஸ்ட்ல தப்பா ஏறிடுச்சு. நானும் திருத்தல."

அவன் மற்ற ஏழு கட்டில்களையும் ஒருமுறை பார்த்தான். பிறகு தன் கையிலிருந்து மெஷினுக்குப் போகும் குழாயைப் பார்த்தான். "எழுந்து ஓடலாம்னா இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்கு" என்றான். வேடிக்கையாகச் சொன்னதுபோல்தான் வந்தது. அவன் முகத்தில் வேடிக்கை இல்லை.

"நான் போறேன் தம்பி. வேற ஆளை அனுப்பறேன்."

"போங்க."

பக்கத்து அறை நர்ஸை அழைத்து எட்டுப் பேரையும் ஒப்படைத்துவிட்டு வெளியே வந்தாள். அந்த மூன்று நாளில் அங்கே யாருக்கும் எதுவும் தொற்றவில்லை. அதில் அவளுடைய சாமர்த்தியம் எதுவும் இல்லை. அது அவளுக்கே தெரிந்தது. அன்று மாடிப்படியில் நடந்தே போனாள்.

மேட்ரன் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யார் யாருக்குத் தெரியும்?"

"மூணாம் பெட் பேஷன்ட்டுக்கு."

"அவர் சொன்னா யாரு நம்பப்போறா? இப்பவே போய்ப் போட்டுக்கோ. தேதி பழசாவே இருக்கட்டும். நூறு நூறாவே இருக்கும்."

"அப்ப ரெண்டாவது ஊசி எந்தத் தேதியில போடறது மேடம்?"

மேட்ரன் காலண்டரைப் புரட்டினார். இதற்கு நிர்வாகத்தில் விடை இல்லை. உடம்பு பட்டியலைப் பார்த்து வேலை செய்வதில்லை. "உன்னையும் விடுப்புல போட்டுடலாமா?"

"நான்தான் வேலைக்கு வரேனே."

"எல்லாரும்தான் வராங்க!"

கடைசியில் எழுத்தரை அழைத்தார்கள். அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "ஏற்கெனவே போட்டாச்சுன்னு காட்டுது. போட்டவங்களுக்கு மறுபடி முதல் ஊசி போட முடியாது."

"சார், நான்தான் இங்க நிக்கறேனே, போடலன்னு சொல்றேனே!"

"நீங்க அன்னைக்குப் போட்டாச்சுன்னு சொன்னீங்களே சிஸ்டர்."

"அது ஸ்டூல்ல இருந்தவருக்கு."

"அப்படியா? அதை நீங்க சொல்லல. நானும் கேட்கல." தன் மேல் தப்பில்லை என்று உறுதியானதும் அவர் குரலில் கனிவு வந்துவிட்டது. "ஒரு கடிதம் எழுதிக் கொடுங்க. ரத்து பண்ணிடறேன்."

அவள் அங்கேயே உட்கார்ந்து எழுதினாள். 'போட்டாச்சு என்று நான் சொன்னது பிறருக்குப் போட்டதை. எனக்குத் தடுப்பூசி போடப்படவில்லை. இது தெரிந்த பிறகும் நான் திருத்தச் சொல்லவில்லை.' மூன்றாவது வரி வேண்டாம் என்றார் மேட்ரன். அவள் அதை அடிக்கவில்லை. அதற்குத் துணிச்சல் என்று பெயர் வைக்கத் தேவையில்லை. டிக் விழுந்த அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய வரி.

ஊசி அறையில் அவளுக்குப் பதிலாக உட்கார்ந்தவள் சாப்பிடப் போயிருந்ததால் மேட்ரனே போட வேண்டியதாயிற்று. அவர் கடைசியாக ஊசி பிடித்துப் பதினோரு வருடம் ஆகியிருந்தது. பதினோரு வருடக் கோபமும் சேர்ந்து வந்ததோ என்னவோ, அவள் "அம்மா!" என்று கத்திவிட்டாள். வெளியே வரிசையில் நின்ற இரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

பிறகு பெஞ்சில் அரை மணி நேரம். நாலாயிரம் பேரை உட்காரச் சொன்ன இடத்தில் அவள் அதுவரை உட்கார்ந்ததே இல்லை. நெஞ்சு படபடவென்று அடித்தது. காருக்குள் இருந்து பேசிய வெள்ளைக் கோட்டு ஒருமுறை வந்து போனார். பக்கவாட்டில் சாய்ந்த ஆள் இரண்டு முறை வந்து போனார். பக்கத்தில் குழந்தையோடு முறைக்காக உட்கார்ந்திருந்த பெண் கேட்டாள்:

"சிஸ்டர், உள்ள ஊசி போட ஆள் இல்லியா? நீங்க இங்க உட்கார்ந்திருக்கீங்க?"

"எனக்குப் போட்டிருக்காங்கம்மா. இப்பதான்."

"ஓ. வலிச்சுதா?"

"ரொம்ப."

அவளுக்கு இரவு முழுக்கக் காய்ச்சலடித்தது, காலையில் விட்டுவிட்டது. கணவன் விஷயத்தைக் கேட்டுவிட்டு, "சோறு ஆறினது அதனாலதானா" என்று மட்டும் சொன்னான். டயாலிசிஸ் அறைப் பக்கம் அவள் வரக்கூடாது, இரண்டு ஊசியும் போட்டு முடியும்வரை துணிக் கிடங்கில் போர்வை எண்ணவேண்டும் என்று உத்தரவு வந்தது. தண்டனை என்று யாரும் சொல்லவில்லை. பணிச் சுழற்சி என்றார்கள். மருந்துக் கவுன்ட்டர்காரன் ஒருநாள் கிடங்குக்கே வந்து, "எவ்வளவு நேரம் வலிச்சுதுக்கா?" என்று குரலைத் தாழ்த்தி விசாரித்தான். விடுப்பில் இருப்பவன் வேறெப்படி விசாரிப்பான்.

அடுத்த வாரம் டயாலிசிஸ் அறைக்குப் போர்வைக் கட்டு கொண்டுபோக வேண்டியிருந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியிலேயே தள்ளுவண்டியை நிறுத்திவிட்டு, எடுத்துக்கொள்ளச் சொல்லித் தட்டினாள். பக்கத்து அறை நர்ஸ் வந்து கதவைத் திறந்தாள். மூன்றாம் கட்டில் வாசலுக்கு நேரே இருந்தது. அவன் பேனாவை நிறுத்திவிட்டுப் பார்த்தான். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு வண்டியைத் திருப்பினாள்.

"போஸ்டர் சிஸ்டர்!"

நின்றாள்.

"போட்டுக்கிட்டீங்களா?"

"போட்டுக்கிட்டேன்." பிறகு, "எனக்கு" என்றாள்.

"காய்ச்சல்?"

"ஒரு ராத்திரி."

"பயம்?"

"அது இன்னும் இருக்கு. ரெண்டாவது ஊசி வேற பாக்கி."

அவன் வலது தோளைத் தூக்க முயன்று முகத்தைச் சுளித்தான். "முந்தாநேத்து எனக்கும் ஆச்சு. இந்தச் சிஸ்டர் போட்டாங்க. கை கல்லு மாதிரி இருக்கு, பேனா பிடிக்க முடியல. மெஷின் கையும் போச்சு, பேனாக் கையும் போச்சு. ஒரு புத்தகமே தப்போட வெளிய வரப்போகுது."

"நீங்கதான் கையை இறுக்கிப் பிடிச்சீங்க" என்றாள் கதவைப் பிடித்திருந்த நர்ஸ்.

"ஏன் தம்பி போட்டுக்கிட்டீங்க?" வலிக்காத கை கேட்டாள். "நான் அப்படிச் சொன்னதுக்கு அப்புறமும்?"

"கோபத்துல நாலு நாள் தூக்கம் வரல. அப்புறம் யோசிச்சேன். பயப்படாதவங்க எல்லாம் சொல்லிட்டாங்க, நான் கேட்கல. பயந்தவங்க போய்ப் போட்டுக்கிட்டு உயிரோட போர்வை எண்ணுறாங்கன்னு கேள்விப்பட்டேன்." அவன் அதோடு நிறுத்தவில்லை. "உங்க மேல கோபம் போகல. அது வேற."

"போகவேண்டாம்."

"ரெண்டாவது ஊசி நீங்கதான் போடணும். இவங்க கிட்ட நான் இன்னொரு தடவை கையை நீட்ட மாட்டேன்."

"அதுக்குள்ள என்னை உள்ள விட்டா."

"விடலன்னா நான் வெளிய வரேன். ஊசி அறை ஸ்டூல்ல உட்கார எனக்கு மெஷின் வேணாமே."

அவன் மெஷின் கூவ ஆரம்பித்தது. பேசும் வேகத்தில் கையை அசைத்திருக்க வேண்டும். நர்ஸ், "போதும் ரெண்டு பேரும்" என்று போர்வைக் கட்டை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் வலது கையில் நாலு விரலைக் காட்டி ஏதோ கேட்டான். இரண்டாவது ஊசி நாலு வாரம் கழித்தா என்று கேட்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் ஆமென்று தலையாட்டிவிட்டு வண்டியைத் தள்ளினாள்.